கோரிக்கை மனு: பொது மைதானத்தில் கட்டணம் வாங்கி நடக்கும் சிறுவர் கால்பந்துப் பயிற்சிக்கு வரைமுறை வேண்டி

அனுப்புநர்
கால்பந்து கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் 19 பேர்,
வண்டிப்பாளையம், புதுப்பாளையம், முதுநகர், தேவனாம்பட்டினம்,
கடலூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: பொது மைதானங்களில் தனியார் நடத்தும் கால்பந்துப் பயிற்சியில் கட்டணம், அணித் தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றை முறைப்படுத்தவும், வசதியில்லாத பிள்ளைகளுக்கு அரசே மாலை நேரப் பயிற்சி அளிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த மனுவை எழுதும் நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் கணவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். எங்கள் மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டுப் பந்தை எடுப்பவன். என்னோடு கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் மீன் வியாபாரம் செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ஆசிரியை, ஓட்டல் வேலைக்குப் போகிறவர் என்று பலரும் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் நகரில் ஒரு பொது மைதானத்தில் தனியார் அகாடமி ஒன்றில் கால்பந்து கற்றார்கள். சிலர் இன்னும் போகிறார்கள், சிலர் நின்றுவிட்டார்கள். அந்த அகாடமியின் பெயரை இங்கே எழுதவில்லை. விசாரணையில் கேட்டால் சொல்கிறோம். இன்று ஒருவரை நிறுத்தினால் நாளை இன்னொருவர் அதே இடத்தில் அதே மாதிரி வசூலிப்பார் என்பதால், இடம் கொடுக்கிற முறையையே மாற்றிக் கேட்கிறோம்.

முதலில் பணக் கணக்கைச் சொல்கிறேன். சேரும்போது 3,000 ரூபாய். மாதம் 1,500. ஜெர்சி, ஷார்ட்ஸ், சாக்ஸ் எல்லாம் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், ஒரு செட் 2,800. கடைத்தெருவில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது, ஆனால் வெளியில் வாங்கினால் மைதானத்துக்குள் விட மாட்டார்கள். 14 மாதத்தில் சேர்க்கைப் பணம் 3,000, மாதக் கட்டணம் 21,000, இரண்டு செட் 5,600, போட்டிகளுக்குப் போய்வர 6,400 என்று மொத்தம் 36,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். ஒரு ஜாக்கெட் தைத்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதை வைத்து இந்தத் தொகையை எண்ணிப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு ரசீதுகூட என் கையில் இல்லை. எல்லாம் ஒரு தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்கு ஜிபே. ரசீது கேட்ட பெற்றோருக்கு, "நம்பிக்கை இல்லைன்னா வேற இடம் பாருங்க" என்று பதில் வந்தது.

கற்றுக்கொடுப்பதற்குத்தானே காசு, சரி, கொடுத்தோம். கற்றுக்கொடுத்தது என்ன? நாற்பது பிள்ளைகளுக்கு ஆறு பந்து. வந்ததும் மைதானத்தைச் சுற்றி ரவுண்டு, தாமதமானால் கூடுதல் ரவுண்டு, தோற்றால் அதற்கும் ரவுண்டு. பந்து காலில் படும் நேரம் மிகக் குறைவு. என் மகனுக்குச் சென்ற ஆண்டு குதிகாலில் வலி வந்தது. அரசு மருத்துவமனை டாக்டர், வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி அதிக ஓட்டத்தால் நோகும், பயப்பட வேண்டாம், சில வாரம் ஓய்வு கொடுங்கள், போதும் என்றார். அதை எழுதிக் கொடுத்த சீட்டைக் கோச்சிடம் காட்டினேன். பிள்ளைகள் எல்லோரும் நிற்கும்போதே, "இவன் நடிக்கிறான்" என்றார். வலியோடு இரண்டு மாதம் ஓடியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம்.

அந்த பெஞ்சைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒரு போட்டி. இங்கிருந்து 22 கிலோமீட்டர். வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு என்று பிள்ளைக்கு 1,300 ரூபாய் வாங்கினார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நானும் போனேன். மூன்று ஆட்டம் நடந்தது. என் மகன் மூன்றாவது ஆட்டத்தில், நாம் ஐந்து கோல் முன்னால் இருந்தபோது, கடைசி நான்கு நிமிடம் ஆடினான். அவனைப் போலவே இன்னும் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முழு நேரம் ஆடியவர்களில் பெரும்பாலோர் "ஸ்பெஷல் கோச்சிங்" என்ற பெயரில் மாதம் கூடுதலாக 1,000 ரூபாய் கட்டுகிறவர்களின் பிள்ளைகள். ஆடத் தெரிந்தவன் ஆடட்டும், தெரியாதவன் உட்காரட்டும் என்றால் எந்தத் தாயும் பொறுத்துக்கொள்வாள். ஆனால் பந்தைத் தொட்டால் இடறி விழுகிற ஒரு பையன் மூன்று ஆட்டமும் ஆடினான். அவனையும் நான் குறை சொல்லவில்லை, அவனும் குழந்தைதான். திரும்பி வரும்போது வேனில் என் மகன் காதோடு காதாகக் கேட்டான்: "அம்மா, நாம ஆயிர ரூபா கட்டலன்னுதானே?" அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் சான்றிதழ். வெளிமாநிலத்தில் "தேசியப் போட்டி" என்று சொல்லி எங்களில் ஒருவரிடம் 14,000 ரூபாய் வாங்கினார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும், கல்லூரியில் இடம் கிடைக்கும் என்றார்கள். அந்தத் தாய் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். பிள்ளை ஒரு பளபளப்பான சான்றிதழோடும் ஒரு கோப்பையோடும் வந்தான். பிறகுதான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒவ்வொரு வகைப் போட்டிக்கும் ஒரு சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. சர்வதேசப் போட்டி என்றால் அந்த விளையாட்டின் தேசியக் கூட்டமைப்பு, தேசியப் போட்டி என்றால் தேசியக் கூட்டமைப்பு அல்லது மாநிலச் சங்கம், பல்கலைக்கழகப் போட்டி என்றால் பல்கலைக்கழகம், தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் கல்வித் துறை கையெழுத்துப் போட வேண்டும். தனியார் சிலர் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு "நேஷனல்" என்று பெயர் வைத்துக்கொண்டால் அது அந்தப் படிவங்களுக்குள் வராது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காட்டித்தான் எங்களிடம் காசு பறிக்கிறார்கள். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் அதற்கும் தடை. எங்களில் ஒருவர் மகனை வேறு குழுவில் சேர்க்கப் போனபோது, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டுமென்றால் 10,000 ரூபாய் கட்டு, அது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி என்றார்கள். அதே உடற்கல்வி ஆசிரியர் அந்த விதியையும் எடுத்துப் படித்துக் காட்டினார். பயிற்சி இழப்பீடு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஒரு வீரர் முதன்முதலாகத் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, அவர் வளர்ந்த கிளப்புகளுக்குப் புதிய கிளப் கொடுக்க வேண்டிய பணம் அது. கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையிலான கணக்கு. ஏழாம் வகுப்புப் பையனின் அப்பாவிடம் வாங்கச் சொல்லி அதில் எங்குமே இல்லை. இல்லாத விதியைக் காட்டி மிரட்டியதில் அந்தப் பையன் ஐந்து மாதம் பந்தைத் தொடவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வயதுச் சான்றைத் திருத்தித் தந்தால் 13 வயதுக்கு உட்பட்ட அணியில் ஆட வைக்கிறேன் என்று ஒரு பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். அப்படி வயதைக் குறைத்து வரும் பெரிய பையன்களோடு மோதிக் கை முறிந்த பிள்ளையும் எங்களில் ஒருவருடையது. அடுத்தது, பெண் பிள்ளைகள் இருட்டும் வரை பயிற்சியில் இருக்கிறார்கள், அங்கே பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ ஒருவர்கூட இல்லை. உடை மாற்ற மறைவிடமும் கிடையாது. தவறாக ஒன்றும் நடந்ததாக நாங்கள் சொல்லவில்லை. நடந்த பிறகு மனு கொடுப்பதற்குப் பதிலாக இப்போதே சொல்கிறோம்.

கடலூரில் கால்பந்து என்றால் பெண் பிள்ளைகளை மறக்க முடியாது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்ப் பெண், தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனது. சுனாமி வந்து எல்லாவற்றையும் இழந்த கரையோரக் குடும்பங்களில் இருந்தும் இங்கே பிள்ளைகள் பந்தாட வந்தார்கள். பெற்றோரிடம் பணம் இருக்கிறதா என்று பார்த்து அவர்களை ஆட விட்டிருந்தால் ஒருவரும் வெளியே தெரிந்திருக்க மாட்டார்கள். இப்போதும் விடியற்காலையில் கடற்கரை மணலில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் பழைய ஆட்டக்காரர்களை எங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லாக் கோச்சுகளையும் குறை சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் அவர்களுக்கு நல்ல பந்தும், கோல் கம்பமும், சமமான தரையும் இல்லை. எல்லாம் இருக்கும் பொது மைதானம் காசு வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்டப் பிரிவுக்குத் தாங்களே தலைவர். அரசு, மாநகராட்சி, அரசுப் பள்ளி மைதானங்களில் தனியார் யார் கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுத்தாலும், எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். அந்த அனுமதியில், கட்டண விவரத்தை மைதான வாசலில் பலகையில் எழுதி வைப்பது, அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் பணம் பெறுவது, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுப்பது, ஜெர்சியை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ள விடுவது ஆகியவை நிபந்தனைகளாக இருக்க வேண்டும். பயிற்சி கொடுப்பவர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தரும் டி லைசென்ஸ் என்ற பயிற்சியாளர் சான்றையாவது வைத்திருக்கிறாரா என்று நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் குடிநீரும் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்மணி உடன் இருக்க வேண்டும். பிள்ளை விலக விரும்பினால் பணம் கேட்காமல் விடுவிக்க வேண்டும். பொது இடத்தைப் பயன்படுத்துவதற்கு ஈடாக, ஐந்து பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் வசதியில்லாதவர்களை இலவசமாகச் சேர்க்கச் சொல்வது அதிகம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எந்தப் போட்டியின் சான்றிதழ் அரசு ஒதுக்கீட்டுக்குச் செல்லும், எது செல்லாது என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும், பள்ளிகளிலும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பல வீட்டு நகைகள் தப்பிக்கும். முதலமைச்சர் கோப்பைக்கும், பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளுக்கும் அணி தேர்வு செய்யும் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே எல்லாப் பள்ளிகளுக்கும் தெரிவித்து, ஒருவர் மட்டும் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று பேர் பார்த்துத் தேர்வு செய்தால், அகாடமியில் சேராத பிள்ளைக்கும் ஒரு வாய்ப்பு இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அரசே பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர வேண்டும். அண்ணா விளையாட்டரங்கம் நகரின் ஒரு பக்கம் இருக்கிறது. முதுநகரில் இருந்தும் தேவனாம்பட்டினத்தில் இருந்தும் சின்னப் பிள்ளைகள் தினமும் மாலையில் அங்கே வந்து போவது சிரமம். அந்தப் பகுதி அரசுப் பள்ளி மைதானங்களை மாலை 5 முதல் 6.30 வரை திறந்துவிட்டு, உள்ளூரில் ஆடி வளர்ந்தவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்துப் பயிற்சி நடத்தலாம். பந்தும் ஒரு பெரிய விளக்கும் போதும். எங்களில் சிலர் மைதானத்தைக் கூட்டவும், தண்ணீர் கொண்டுவந்து வைக்கவும் முறை போட்டுக்கொண்டு வரத் தயாராக இருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பிள்ளைகளில் 11 பேர் இன்னும் அந்த அகாடமிக்குத்தான் போகிறார்கள், வேறு இடம் இல்லை. இந்த மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக அவர்களை வெளியே நிறுத்தவோ, மற்றவர்கள் முன்னால் பேசவோ இடம் கொடுக்காதீர்கள். விசாரணைக்கு எங்களை அழைத்தால் மைதானத்துக்கு வரச் சொல்லாமல், தங்கள் அலுவலகத்தில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கேட்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஜிபே விவரங்களின் நகல், போட்டிச் சான்றிதழ் நகல், டாக்டர் சீட்டு மூன்றையும் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் 19 பேர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: கடலூர்