குறுஞ்செய்தி ஏபிஐ வழங்குவோருக்கு: அனுப்பும் முன் எண்ணிக் காட்டுங்கள்

குறுஞ்செய்தி ஏபிஐ (நிரல் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்ப உதவும் இணைப்பு) நடத்தும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அவற்றின் ஆவணங்களை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

மருத்துவமனைக்கு வர வேண்டிய நாளை நோயாளிகளுக்கு நினைவூட்டும் ஒரு சிறிய செயலியை நான் பராமரிக்கிறேன். அதில் குறுஞ்செய்தியைச் சேர்க்க எனக்கு ஒரு பிற்பகல்தான் பிடித்தது. கணக்கு தொடங்கி, என் நிரலை அடையாளம் காட்டும் ரகசியச் சாவியை வாங்கி, எண்ணையும் வாசகத்தையும் ஒரு ஏபிஐ அழைப்பில் கொடுத்ததும் என் கைபேசி ஒலித்தது. அந்த எளிமைக்கு முதலில் நன்றி. இணையம் இல்லாத, பத்து வருடப் பழைய போனிலும் எழுத்தாகப் போய்ச் சேரும் வழி இது. அதை எவரும் தன் நிரலில் சேர்க்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது நீங்கள்.

சிக்கல் அடுத்த மாதம் கட்டண விவரத்தோடு வந்தது. அனுப்பியதைப் போல மூன்று மடங்கு செய்திகளுக்குக் கணக்கு போட்டிருந்தார்கள். தவறு என்று நினைத்து வழங்குநருக்கு எழுதிக் கேட்டேன். ‘உங்கள் செய்திகள் யூனிகோடில் உள்ளன’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

விளக்கத்தை நானே தேடிப் படித்தேன். யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்). ஜிஎஸ்எம் என்ற கைபேசித் தரத்தின் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் அந்தத் தொகுப்பில் இல்லை. தமிழ் எழுத்து ஒன்று வந்தாலும் முழுச் செய்தியும் ஓர் இடத்துக்கு (கணினி எண்ணும் ஒரு குறியீட்டுக்கு) 2 பைட் எடுக்கும் யூசிஎஸ்-2 முறைக்கு மாறி, எல்லை 70 ஆகிவிடும். அதையும் தாண்டினால் செய்தியைத் துண்டாக்க வேண்டும். துண்டுகளை மறுபடி கோக்க உதவும் முன்குறிப்புக்கு 6 பைட் போக, ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 67.

எங்கள் வாசகத்தையே பாருங்கள்: ‘நாளை காலை 10 மணிக்கு உங்களுக்கு மருத்துவரைப் பார்க்கும் நேரம். பழைய மருந்துச் சீட்டுகளை மறக்காமல் கொண்டு வாருங்கள்.’ இது 115 இடங்கள், அதாவது இரண்டு துண்டு. நோயாளியின் பெயரையும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் சேர்த்தால் 134-ஐத் தாண்டி மூன்றாகிவிடும். இதையே ஆங்கிலத்தில், பெயரோடும் எண்ணோடும் எழுதினாலும் ஒரே துண்டுதான்.

தமிழில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து வேறு, கணினி எண்ணும் இடம் வேறு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு இடம். புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. ‘கொண்டு’ என்ற சொல் இன்னும் மோசம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதும் விசைப்பலகையும் உண்டு, கொம்பும் காலுமாக இரண்டாக எழுதுவதும் உண்டு. திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்று ஆறு இடம், மற்றது ஏழு. உங்கள் பக்கத்தில் யூனிகோட் சீரமைப்பு ஒரு வரி வேலை. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணினாலே இந்த வீண்செலவு போய்விடும். நான் பயன்படுத்திய எந்தச் சேவையும் அதைச் செய்யவில்லை.

இது தமிழுக்கு மட்டுமான தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் 150 எழுத்துச் செய்தி எழுதி, எங்கோ ஒரு வளைந்த மேற்கோள் குறியை ஒட்டிவிட்டால் அதுவும் மூன்று துண்டாகிறது. சொற்செயலியிலிருந்து வாசகத்தை நகலெடுக்கும் பலருக்கும் இது நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வழி சொல்லும் ஒரு வரி கூட நான் படித்த உங்கள் தொடக்கப் பாடங்களில் இல்லை.

இதனால் என்ன நடந்தது என்று சொல்லவே இந்த மடல். கட்டணத்தைப் பார்த்த நிர்வாகம் ‘ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடலாம்’ என்று முடிவு செய்தது. எங்கள் நோயாளிகளில் பலருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நினைவூட்டல் போய்க்கொண்டே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. முதல் நாளே எண்ணிக்கை தெரிந்திருந்தால் நான் வாசகத்தைச் சுருக்கியிருப்பேன். ‘நாளை காலை 10, மருத்துவர் சந்திப்பு. பழைய சீட்டுடன் வரவும்.’ ஒரே துண்டு. ஒரு மொழியைக் கைவிடும் முடிவு, ஏபிஐயின் பதிலில் ஒரு எண் இல்லாததால் எடுக்கப்பட்டது.

160 என்ற எல்லைக்கே ஒரு கதை உண்டு. 1985-ல் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, பெரும்பாலான விஷயங்களுக்கு 160 போதும் என்று கண்டார். அவர் எண்ணியது அவர் எழுதிய எழுத்துகளை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு தரம் வளர்ந்திருக்கிறது. கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 23.038 தரத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளுக்குத் தனி 7 பிட் அட்டவணைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால் ஒரு துண்டில் 150-க்கும் மேல் இடம் கிடைக்கும், மேலே சொன்ன 115 இட வாசகம் ஒன்றிலேயே அடங்கும். பெறும் போனும் நடுவில் உள்ள வலைப்பின்னலும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எந்த வலைப்பின்னல் இதை ஏற்கிறது என்று சோதித்துப் பார்க்கும் வசதி உங்களுக்குத்தான் இருக்கிறது, தனி டெவலப்பருக்கு இல்லை.

அப்புறம், ‘அனுப்பப்பட்டது’ என்ற சொல். உங்கள் ஏபிஐ ‘வெற்றி’ என்று பதில் சொல்லும்போது செய்தி உங்கள் வரிசையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு அது தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போய், அங்கே சேமிக்கப்பட்டு, கைபேசி தொடர்பில் வரும்போது இறங்க வேண்டும். நான் அந்த முதல் பதிலை நம்பித் திரையில் பச்சைக் குறி போட்டேன். குறியைப் பார்த்த ஊழியர்கள் செய்தி சேர்ந்துவிட்டது என்று எண்ணி, தொலைபேசியில் அழைப்பதை நிறுத்தினார்கள். ஒரு முதியவரின் போன் இரண்டு நாள் அணைந்து கிடந்தது. ‘நாளை காலை வாருங்கள்’ என்ற செய்தி, அந்த நாளை முடிந்து மறுநாள் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதை நம்பி அதற்கடுத்த நாள் காலை வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தவறில் பெரும்பங்கு என்னுடையது. செய்தி சேர்ந்ததா என்று சொல்லும் டெலிவரி ரிப்போர்ட்டை, உங்கள் அமைப்பே என் நிரலுக்குத் தகவல் அனுப்பும் வெப்ஹூக் வழியாக வாங்கியிருக்க வேண்டும், செய்திக்குக் காலாவதி நேரம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் நகலெடுக்கும் அந்த முதல் பத்து வரி உதாரணத்தில் இரண்டும் இல்லை. ஐந்து நிமிடத்தில் செல்லாமல் போகும் ஓடிபிக்கும் அதே நீண்ட காலாவதிதான் இயல்பாகப் போகிறது. முதல் உதாரணத்திலேயே காலாவதியை ஒரு வரியாகச் சேருங்கள். பதிலில் ‘வெற்றி’ என்பதற்குப் பதில் ‘வரிசையில் உள்ளது’ என்று எழுதுங்கள்.

நிறுத்தச் சொல்லும் உரிமையைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்று பதில் அனுப்பினால் உங்கள் அமைப்பே அந்த எண்ணை விலக்கிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. எங்கள் பெட்டியில் வந்து கிடந்தவை ‘வேண்டாம்’, ‘நிறுத்துங்க’, ‘அனுப்பாதீங்க ஐயா’. இவை எதுவும் உங்கள் வடிகட்டியில் சிக்கவில்லை. தமிழில் செய்தி வாங்கியவர் தமிழில் மறுத்தார், மறுத்த பிறகும் அடுத்த வாரம் செய்தி போனது. கடைசியில் நானே ஒரு சொற்பட்டியல் எழுதி வடிகட்டினேன். ஒவ்வொரு டெவலப்பரும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலையா இது? செய்தி எந்த மொழியில் போகிறதோ அந்த மொழியின் மறுப்புச் சொற்களை நாங்கள் பதிவு செய்துகொள்ள ஒரு இடம் கொடுங்கள்.

இன்னும் ஒன்று, சுருக்கமாக. இணைப்பு அறுந்து பதில் வராமல் போனால் நிரல் மறுபடி அனுப்பும், ஒரே செய்தி இரண்டு முறை போகும். கோரிக்கையோடு ஒரு தனி அடையாளக் குறியை ஏற்று, இரண்டாவதை அடையாளம் கண்டு தள்ளும் வசதி சிலரிடம் இருக்கிறது. எல்லோரிடமும் வேண்டும்.

நான் முதன்மையாகக் கேட்பது சிறியது. செய்தியை அனுப்பாமலே, அது எந்த எழுத்துமுறையில் போகும், எத்தனை துண்டாகும், எந்த எழுத்தால் அந்த முறைக்கு மாறியது என்று சொல்லும் ஒரு அழைப்பு. கட்டணம் இல்லாமல், உண்மையில் அனுப்பும் அதே நிரலைக் கொண்டு எண்ணுவதாக இருக்க வேண்டும். துண்டுகளின் எண்ணிக்கை உங்களுக்கு முன்பே தெரியும், அதை வைத்துத்தான் கட்டணம் போடுகிறீர்கள்.

எங்கள் நினைவூட்டல் இப்போது மறுபடியும் தமிழில் போகிறது. வாசகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் நான் எழுதிய ஒரு சிறு எண்ணும் கருவியில் அதை முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். அது உங்கள் கணக்கோடு எப்போதும் ஒத்துப்போகும் என்று எனக்கு உறுதி இல்லை. உங்களிடமிருந்து அந்த எண் வரும் நாளில் என் கருவியை அழித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏபிஐயை நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு டெவலப்பர்