லெட்டரை அந்தப் புள்ளையையே படிக்க வச்சீங்களே

குழந்தைகள் நலத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் அக்காவோட ஃபைல் உங்க டேபிள்லதான் இருக்கு, அதனால கதையை முதல்லருந்து சொல்லலை. போன வாரம் வந்த லெட்டரைப் பத்தி மட்டும் பேசறேன். மூணு பக்கம், பொடி எழுத்து. அக்காவுக்கு அறிவுசார் குறைபாடுன்னு அதுலயே நாலு இடத்துல எழுதியிருக்கீங்க, ஆனா அவளுக்குப் புரியற மாதிரி ஒரு வரிகூட இல்லை. கொண்டுவந்தவர் என்ன பண்ணாரு, அவளோட ஒன்பது வயசுப் பொண்ணு கையில குடுத்து "அம்மாவுக்கு நீயே படிச்சுச் சொல்லிடும்மா"ன்னுட்டுப் போயிட்டாரு. அதுவும் எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்கு. "குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது குறித்து"ங்கற இடம் வந்ததும் நிறுத்திட்டு, "ஒண்ணுமில்லம்மா, ஸ்கூல் விஷயம்"னு மடிச்சு பைக்குள்ள வச்சிக்கிச்சு. ரெண்டு நாள் மூச்சு விடலை. நான் கணக்கு நோட்டைத் தேடப்போய்த்தான் பார்த்தேன்.

அன்னிலருந்து விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வீடு பெருக்குது. திடீர்னு யாராவது பார்க்க வந்தா சுத்தமா இருக்கணுமாம்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புங்க, மாசத்துக்கொரு புது முகமா இல்லாம அதே ஆளை.

அக்காவுக்குக் கத்துக்க வராதுன்னு யார் சொன்னது? ஜுர மருந்து எவ்வளவுன்னு வாயால சொன்னா மறந்துடுவா, அளவு மூடியில நெயில் பாலிஷால கோடு போட்டு, கூட நின்னு நாலு தடவை ஊத்த வச்சேன், இன்னிவரைக்கும் தப்பினதில்லை. படம் காட்டி, ஒவ்வொரு படியா, அவங்க வீட்டுலயே செஞ்சு காட்டினா இப்படிப்பட்ட அம்மாக்கள் கத்துக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினவங்களும் அதையேதான் சொல்றாங்க. உங்க ரிப்போர்ட்ல இந்த மூடி எங்கயும் வரலை, ஐக்யூ நம்பர் மட்டும் தடிச்ச எழுத்துல இருக்கு. குறைபாடுன்னு சொல்றதுக்கு வச்சிருக்கற ஐக்யூ 70-ங்கற கோட்டுக்கு மேல இருக்கறவங்க எல்லாம் புள்ளை வளர்க்கற அழகு தெரியாதா நமக்கு, அவங்களுக்கு யாரும் டெஸ்ட் வைக்கறதில்லை... சரி விடுங்க, அது வேற கதை.

2006-ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோட 23-வது பிரிவு உங்களுக்குத் தெரியாததில்லை. பெத்தவங்களுக்குக் குறைபாடுங்கற காரணத்துக்காகப் புள்ளையைப் பிரிக்கக்கூடாதுங்குது, வளர்க்க உதவி பண்ணணும்னும் அதே பிரிவுலதான் இருக்கு. பிரிக்கறதுக்கு ஃபார்ம் ரெடியா வச்சிருக்கீங்க, உதவிக்கு மட்டும் ஆள் பத்தலைன்னா எப்படிங்க?

கோவத்துல ஏதாவது கூடுதலா எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க. வாரம் ரெண்டு தடவை, ஒரே ஆள். வர்றவர் அந்தப் பொண்ணுகிட்டயும் பத்து நிமிஷம் தனியா உக்காந்து பேசட்டும். அடுத்த லெட்டரைத் தயவுசெஞ்சு பெரிய எழுத்துல, வரிக்கு ஒரு விஷயமா எழுதி, அக்கா கையில குடுங்க.

இப்படிக்கு,
அந்தப் பொண்ணோட சித்தி