கொப்பி கடையில்தான் இருக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக ஹட்டனில் உள்ள நம் புத்தகக் கடையைப் பற்றி ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டவர்களில் பலர் நேரே கடைக்கு வந்து, "என்ன அண்ணன், உண்மையா?" என்று விசாரித்தீர்கள். நோர்வூட், மஸ்கெலியா பக்கத்திலிருந்து போன் எடுத்தவர்களும் உண்டு. ஆளுக்காள் சொல்லி முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

இரவல் கட்டணத்தைக் கூட்டிவிட்டோம், புத்தகங்களை அதிக விலைக்கு விற்கிறோம் என்கிறது அந்தப் பதிவு. இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்கள்: வாசகர்கள் தங்களுக்குள் புத்தகம் மாற்றிக்கொள்வது எங்களுக்குப் பிடிக்கவில்லையாம், அதனால் வாசகர்கள் தாங்கள் வாசிப்பதைப் பற்றி எழுதிவைக்கும் 'இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?' கொப்பியை ஒளித்துவிட்டோமாம். முதலில் இதற்குப் பதில் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

கொப்பி கடையில்தான் இருக்கிறது. முன்பு வாசல் மேசையில் கிடந்தது, இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்ட உடனே எடுத்துத் தருகிறோம். இதுவரை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

ஏன் இடம் மாற்றினோம் என்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கொப்பியில் நீங்கள் பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் எழுதுவீர்கள். சிலர் போன் நம்பரையும் எழுதிவிடுவார்கள், புத்தகம் வேண்டுமானால் கேட்கட்டும் என்று. யாரோ ஓர் ஆள் அதிலிருந்த பெண் பிள்ளைகளின் நம்பர்களை எடுத்து, "அந்த நாவலைப் பற்றிப் பேசலாமா?" என்று தொடங்கி, ராத்திரியில் தொந்தரவு கொடுத்திருக்கிறார். ஒரு தங்கச்சி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகும் கொப்பியை வாசலில் திறந்துபோட்டு வைத்திருக்கச் சொல்கிறீர்களா? நம்பர்களை எல்லாம் கறுப்பு மையால் அழித்தோம். இனிமேல் பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரோ ஊரோ மட்டும் போதும் என்று ஆக்கினோம். அந்தத் தங்கச்சியின் மரியாதை கருதித்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. அதை ஒளித்தல் என்று சொன்னால் வலிக்காமல் என்ன செய்யும்?

புத்தகம் கைமாறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு புத்தகம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஐந்து காம்பராவைச் (அறையைச்) சுற்றி வந்தால் எங்களுக்கு நட்டம் என்று நினைப்பவர் இந்த மலையகத்தின் வாசிப்பை அறியாதவர். நம் தாத்தா பாட்டி காலத்தில், லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவர் லாம்பு வெளிச்சத்தில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ராகம் போட்டு வாசிப்பார், மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை 1930களில் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பாடிய பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சாகின. எழுத்துத் தெரியாதவர்களிடமும் அவை பாட்டாகப் போய்ச் சேர்ந்தன. இங்கே புத்தகம் என்றால் அன்றிலிருந்தே ஒருவர் வாங்கிப் பலர் அனுபவிப்பதுதான். கைமாறிப் படித்தவர்தான் அடுத்த மாதம் நம் கடைக்கு வந்து, "இந்த எழுத்தாளருடைய வேறு ஏதும் இருக்கா?" என்று கேட்கிறார்.

அந்தக் கொப்பியை நான் தினமும் கடை சாத்தும் முன் வாசிப்பேன். வாசிக்க நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு அதைக் காட்டலாம் போலிருக்கும். டிக்கோயா பக்கத்து அக்கா ஒருவர் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போகும் முன் வாசிக்க முடியாது, மலையிலிருந்து வந்த பிறகும் முடியாது, ரொட்டி வேகிற நேரம்தான் தன்னுடைய நேரம் என்று எழுதியிருந்தார். அவர் திருப்பித் தந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். நடுப் பக்கங்களின் இடுக்கில் கோதுமை மாவு. பெருவிரல் படும் இடத்தில் ஓரம் லேசாகப் பழுப்பேறி, அடுப்புப் புகை வாசம். கதை விறுவிறுப்பாகப் போகும் அத்தியாயங்களில்தான் மாவு அதிகம். அப்படியே தட்டிவிட்டு அலுமாரியில் வைத்தேன். மாவு பட்டால் அபராதம் என்று அந்தப் பதிவில் போகிற போக்கில் சொல்கிறார்களே, அதுவும் பொய். பக்கம் கிழிந்தாலோ புத்தகம் தொலைந்தாலோ மட்டும்தான் கேட்போம்.

பொகவந்தலாவை பஸ் ஒன்றின் கண்டக்டர் தம்பி, ஸ்டாண்டில் ஆள் ஏறும் வரை வாசிப்பார். கால் மணித்தியாலம், சில நாள் அதுவும் இல்லை. அப்படி வாசித்தே ஒரு தடித்த நாவலை முடித்துவிட்டார். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இரவு வேலை பார்க்கும் ஓர் ஐயா, கொழுந்து வாடும் நேரத்தில் வாசிப்பதாக எழுதியிருக்கிறார். கண்டியில் படிக்கும் பிள்ளைகள் ரயிலில் வாசிக்கிறார்கள். கொட்டகலை டீச்சர் ஒருவர் மாமியாருக்குக் கண் தெரியாததால் இரவில் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார், அடுத்த பாகம் வேண்டும் என்று மாமியார்தான் அவரைக் கடைக்கு அனுப்புகிறார். நேரம் கிடைத்து வாசிக்கிறவர் இந்தக் கொப்பியில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் எங்கிருந்தோ பிய்த்து எடுத்த நேரத்தில்தான் வாசிக்கிறார்கள்.

என் அனுபவத்தில், அடுத்து என்ன வாசிப்பது என்று தெரியாததால்தான் பலர் வாசிப்பை விடுகிறார்கள். கிடைக்கிற கால் மணித்தியாலத்தில் பிடிக்காத புத்தகத்தோடு மல்லுக்கட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது? பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர், "முதல் முப்பது பக்கம் பொறுங்கள், பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்" என்று எழுதியிருந்தால் அது பத்திரிகை விமர்சனத்தைவிடப் பெரிது. அதற்காகத்தான் கொப்பியே வைத்தோம். புத்தகம் பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

சரி, இனி விலைக்கு வருவோம். நம் அலுமாரியில் பெரும்பாலானவை சென்னையிலிருந்து வருகிற புத்தகங்கள். 2022க்கு முன் ஓர் இந்திய ரூபாய் நம் காசில் மூன்று ரூபாய்க்கும் குறைவு. அந்த ஆண்டின் நடுவில் நாலரைக்கு மேல் போனது. பிறகு இறங்கியதே தவிர, பழைய இடத்துக்கு வரவில்லை. அப்புறம் வற் (பெறுமதி சேர்) வரி. அதுவரை விலக்கு இருந்த புத்தகத்துக்கும் 2024 ஜனவரியில் 18 வீதம் வந்தது. இறக்குமதி செய்பவர் அதையும் கப்பல் கூலியையும் சேர்த்துத்தான் எங்களுக்கு விலை போடுகிறார், கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு லொறிக் கூலி வேறு. தோட்டத்தில் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது 2024 செப்டெம்பரில். அப்போது நடுத்தரமான ஒரு நாவலின் விலையும் ஏறக்குறைய அதுதான். நாள் முழுக்க மலையில் நின்று உழைத்த காசை ஒரு புத்தகத்துக்குக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? அதனால்தான் பள்ளிக்கூடக் கொப்பியும் கடந்தகால வினாத்தாளும் விற்கிற காசில் இரவல் அலுமாரியை விடாமல் நடத்துகிறோம்.

இரவல் கட்டணம் ஐம்பதிலிருந்து எண்பது ரூபாய் ஆனது உண்மை. அதே நேரம் தவணையை இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரமாக நீட்டியிருக்கிறோம். இதை அந்தப் பதிவில் சொல்லவில்லை. கொழுந்து அதிகம் வருகிற மாதங்களில் இரண்டு வாரம் போதவில்லை என்று நீங்கள் கேட்டதால் செய்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பழைய கட்டணமே.

கடையில் இரவல் பகுதியைப் பார்த்துக்கொண்ட தங்கச்சி கொழும்பில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். யாருக்கு எந்தப் புத்தகம் ஒத்துப்போகும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். அவர் இடத்துக்கு ஆள் தேடுகிறோம், அதுவரை ஞாயிறு பகல் ஒரு மணிக்குக் கடை சாத்தப்படும். வாசிப்பில் விருப்பமுள்ள, உயர்தரம் முடித்த பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய மலையக நூல்கள், சஞ்சிகைகள் கேட்டு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல நூல்கள் மறுபதிப்பு வராததால் எங்களிடம் இல்லை. 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து ஏற்றி வருகிறார்கள். மலையக ஆவணங்களும் அதில் நிறைய உண்டு. காசு கட்ட வேண்டியதில்லை. போனில் தேடத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.

2022இல் கடதாசித் தட்டுப்பாட்டில் பரீட்சைகளே தள்ளிப்போனபோது, விற்க ஒன்றுமில்லாத கடைக்கும் நீங்கள் வந்தீர்கள். வீட்டில் வாசித்து முடித்த புத்தகங்களை, "அலுமாரியில் வையுங்கள், நாலு பேர் வாசிக்கட்டும்" என்று தந்துவிட்டுப் போனீர்கள். மழைக் காலத்தில் கொழுந்துப் படங்குத் துண்டில் சுற்றி, ஒரு சொட்டு நனையாமல் புத்தகம் கொண்டுவந்து தந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். யார் என்ன பேசினாலும் "அந்தக் கடை அப்படிச் செய்யாது" என்று பஸ்ஸிலும் பெரட்டுக்களத்திலும் எங்களுக்காகப் பேசியவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதற்கு முன் செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் புதுப் பெட்டி கொண்டுவருவோம். என்னென்ன வேண்டும் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள். ஊரின் பெயர் மட்டும் போதும். கொப்பியைக் கல்லாவில் கேளுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
ஹட்டன்.