பெயர் வெட்டிய செம்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழம்பொருள் சந்தை என்றால் இப்போது இளையர்களுக்குத் தனி உற்சாகம். என் பேத்தியோடு நானும் போகிறேன். பழைய கேமரா, இசைத்தட்டு, ஜீன்ஸ் என்று நிறையக் கிடைக்கின்றன. ஆனால் என் கண் தேடும் பாத்திரம் பண்டங்கள் அங்கே வருவதில்லை.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன், தரையில் விரித்த கித்தானில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே ஒரு பித்தளைச் செம்பைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே 'திருமண அன்பளிப்பு 1966' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. இடம் போதாமல் கடைசி 'பு' மட்டும் சரிந்து இறங்கியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கடை விரித்திருந்த சீனப் பெரியவர் மலாயில் கேட்டார். கல்யாணப் பரிசு என்றேன். அவர் எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, மூன்று வெள்ளி (டாலர்) சொன்னவர் இரண்டு போதும் என்றார். இன்றும் எங்கள் சாமி மேடையில் தண்ணீர் வைப்பது அந்தச் செம்பில்தான்.

1930களில் தோன்றிய அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்தது. அங்கே வியாபாரிகளுக்கு வாடகை கிடையாது. அதனால்தான் இரண்டு வெள்ளி விலையுள்ள செம்புக்கும் இடம் இருந்தது. இப்போதைய சந்தைகளில் வாடகை கட்டிக் கடை போடுகிறவர் அதை எப்படி வைப்பார்? ஒரு நாளைக்குப் பத்து விற்றாலும் வாடகைக்குக் காணாது. நல்ல விலை போகிற பொருளைத்தான் கொண்டுவருவார், அவர் மேல் தப்பில்லை. அப்புறம், லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவிலிருந்து நடக்கிற தூரம்தான் என்பதால் சுங்கை ரோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வெளிநாட்டு ஊழியர்களும் சட்டை, சப்பாத்து, கைப்பேசி வாங்க வருவார்கள்.

மூடியபின் வியாபாரிகள் சிலர் வடக்கே உட்லண்ட்ஸ் வரைக்கும் போனார்கள். சிலர் தொழிலையே விட்டார்கள். தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது நாம் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் போடும் செம்பும் தூக்குச்சட்டியும் வெட்டிய பெயரோடு சேர்த்து எடைக்குப் போகின்றன.

சமூக மன்றங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, வாடகை இல்லாமல், முதிய வியாபாரிகளுக்கு முதலிடம் கொடுத்து ஒரு திறந்தவெளியை ஒதுக்கித் தாருங்கள். தேக்கா, ஜாலான் புசார் பக்கமே என்றால் ரொம்ப நல்லது. பழைய ஆட்களுக்கு அந்த வழி தெரியும்.

இப்படிக்கு,
வாசகி, தோ பாயோ