உள்ளி நட்ட பிறகு வருகிறேன்

ஸ்காபரோ, கனடா,
ஒக்டோபர் நடுப்பகுதி

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று ஃபோனில் நீ சொன்னது எனக்கு விளங்குகிறது. அப்பா போன பிறகு வரும் முதல் குளிர்காலம். அம்மா தனிய இருந்து என்ன செய்யப் போகிறா, உடனே மெல்பேர்ணுக்கு வரட்டும் என்று நினைக்கிறாய். வருகிறேன் பிள்ளை. ஆனால் இப்போது இல்லை. ஃபோனில் அவசரத்தில் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

வருஷத்தில் இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனம் வராத காலம் இதுதான். பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் இந்தக் கிழமை மேல்பாதி சிவந்து, கீழ்ப்பாதி இன்னும் பச்சையாக நிற்கிறது. உனக்கு அனுப்ப ஓர் இலை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அவுஸ்திரேலியாவில் இலை, விதை, கிழங்கு எல்லாவற்றுக்கும் கண்டிப்பு அல்லவா. அதனால் எழுத்திலேயே அனுப்புகிறேன்: காம்படியில் இரத்தச் சிவப்பு, ஓரங்களில் செம்மஞ்சள், ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பச்சை.

இந்த நிறமெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று சின்ன வயதில் என்னை அரித்தெடுப்பாய். பகல் குறுகத் தொடங்கியதும் மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. மஞ்சள் கோடை முழுக்க இலைக்குள் இருந்ததுதான், பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலை விழுவதற்குச் சற்று முன், உள்ளே தேங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாக நாட்கள் வந்தால் சிவப்பு கூடும். இந்த வருஷம் அப்படி வாய்த்திருக்கிறது. காலையில் தேத்தண்ணியோடு யன்னலடியில் நின்றால் நேரம் போவது தெரிவதில்லை.

தோட்டத்தில் வேலை கிடக்கிறது. கத்தரியும் பயற்றங்காயும் முடிந்துவிட்டன, கொடியை அறுத்து எருக் குவியலில் போட்டேன். கறிவேப்பிலைச் சாடியை இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குமுன்பே உள்ளே எடுத்தாயிற்று. இலையின் அடிப்புறத்தை ஒவ்வொன்றாகக் கழுவி, பூச்சி பார்த்து, தெற்கு யன்னலோரம் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் கொஞ்ச இலை கொட்டத்தான் செய்யும், அதற்குப் பயந்து தண்ணீரைக் கூட்டி ஊற்றினால்தான் வேர் அழுகும்.

இனி உள்ளி. போன ஆடியில் கிண்டியதில் பெரிய பூண்டுகளாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பல்லைப் பிரித்து, கூர் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், சாண் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். மேலே உலர்ந்த இலையைத் தடிப்பாகப் பரப்பினால் சரி. இந்தக் குளிர் அதற்குத் தேவை. குளிர் படாத உள்ளி பல் பல்லாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். எங்கட ஊரில் வெங்காயத்துக்கு வெயிலும் துலாத் தண்ணீரும் பார்த்து வளர்ந்தவள் நான். குளிரை நம்பி ஒரு பயிரை மண்ணுக்குள் விடுவது முதலில் எனக்கு மனம் ஒப்பாத காரியமாக இருந்தது. இப்போது இந்த நடுகையைப் போல விருப்பமான வேலை வேறில்லை.

டியூலிப் கிழங்கு நடுவது அப்பாவின் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். இந்த முறை நான் நடப் போகிறேன். அந்த ஒல்லாந்து இளவரசியின் கதையை அப்பா உனக்கும் எத்தனையோ தரம் சொல்லியிருப்பார். 1940 இல் ஜேர்மன் படை நாட்டைப் பிடித்ததும் ஜூலியானா பிள்ளைகளோடு ஒட்டாவாவுக்கு வந்து அடைக்கலம் புகுந்தாள். 1943 ஜனவரியில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மகள் மார்கிரீட் பிறந்தாள். பிறக்கும் பிள்ளை ஒல்லாந்துக் குடியுரிமையை மட்டுமே கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக, அவள் பிறக்கும் இடம் கனடாவின் எல்லைக்கு வெளியே உள்ளதாகக் கருதப்படும் என்று கனடா அறிவித்தது. யுத்தம் முடிந்த 1945 இன் இலையுதிர்காலத்தில் ஒல்லாந்திலிருந்து ஒரு லட்சம் டியூலிப் கிழங்குகள் நன்றியாக வந்து சேர்ந்தன. இன்றைக்கும் வருஷாவருஷம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பணமாகவோ பட்டயமாகவோ கொடுக்காமல், மண்ணுக்குள் வைத்தால் திரும்பத் திரும்பப் பூக்கிற ஒன்றைக் கொடுத்தார்களே என்று அப்பா வியந்து சொல்வார். அகதியாக வந்து இறங்கிய மனுஷன். தானும் ஒவ்வொரு ஒக்டோபரும் முழங்காலில் இருந்து கிழங்கு நட்டதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வாய் விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை.

எல்லாம் அவர் செய்தபடியே. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், மேலே கோழிக்கூட்டு வலை. கறுத்த அணில்கள் எங்கே புது மண் கண்டாலும் கிண்டிப் பார்த்துவிடும்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தால், பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நீ பயப்படுவது அந்த நேரத்துக்குத்தானே. எனக்கு அது வாசிக்கிற நேரம். பகலில் ஒரு புத்தகத்தை எடுத்தால் குசினியும் வளவும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், இருட்டின பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. நூலகத்திலிருந்து ஒரு பை நிறையத் தமிழ்ப் புத்தகம் கொண்டு வந்திருக்கிறேன். நான் பெட்டையாக இருந்தபோது யாழ்ப்பாண நூலகத்தின் வாசிப்பு மேசையில் இருந்தவள் பிள்ளை. 1981 இல் அது எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதனால்தானோ என்னவோ, இந்தத் தூர தேசத்தில் ஒரு பொது நூலகத் தட்டில் தமிழ் எழுத்தைக் கண்டால் இன்றைக்கும் கை தானாக அதைத் தொட்டுப் பார்க்கிறது. நவராத்திரியில் புத்தகங்களைப் பூசைக்கு அடுக்கியபோது, உனக்கு ஏடு தொடக்கிய அரிச்சுவடியும் கிடைத்தது. அட்டை கிழிந்துவிட்டது, ஒட்டி வைக்கிறேன்.

அப்புறம் கடிதங்கள். அம்மம்மா எனக்கு எழுதியவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வருஷப்படி அடுக்குகிறேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சமாக எண்ணெய் விட்டு எரிகிற விளக்கு வெளிச்சத்தில், கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் இடம் விடாமல் எழுதியிருக்கிறா. வந்து சேர மாதக்கணக்காகும். ஷெல் விழுந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஐப்பசி மழை பிந்தியதையும் வயல் விதைத்ததையும் முருங்கை முறிந்ததையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறா. நான் பயப்படக் கூடாது என்றுதான் அப்படி எழுதினா என்று அப்போது நினைத்தேன். இப்போது வாசிக்கும்போது, அந்த மழையும் வயலும் அவவுக்கு உண்மையாகவே பெரிய விஷயங்களாக இருந்தன என்று படுகிறது. நான் இங்கே நல்லாய் இருக்கிறேன் என்று உள்ளியையும் மேப்பிள் மரத்தையும் பற்றி எழுதுவதும் அப்படித்தான். உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அப்பாவின் கதிரை வெறுமையாகத்தான் இருக்கிறது, சில இரவுகள் நீளமாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் எனக்கு இந்த வேலைகள் வேணும்.

சரி, இப்போது ரிக்கற் விஷயம். ஜனவரி இரண்டாம் கிழமைக்குப் போடு. அதற்குள் நட்டது எல்லாம் ஸ்னோவுக்குக் கீழே போய்விடும், அவற்றுக்கு என் உதவி வேண்டியதில்லை. கறிவேப்பிலைக்குப் பக்கத்து வீட்டு அன்ரி தண்ணீர் விடுவா. உங்கள் ஊரில் ஏப்ரல் 25, அன்சாக் தினத்தை ஒட்டி உள்ளி நடுவார்களாம். உங்கள் இலையுதிர்காலம் அதுதானே. பின்வளவில் வெயில் படுகிற ஒரு மூலையைத் துப்புரவாக்கி வை. விதை உள்ளியை நான் கொண்டுவர விடமாட்டார்கள், அங்கேயே நாட்டு உள்ளியாகப் பார்த்து வாங்கு. இருவரும் சேர்ந்து நடுவோம். திரும்புகிற ரிக்கற்றை மே முதல் கிழமைக்குப் போடு, அப்பாவின் டியூலிப் பூக்கும்போது நான் இங்கே நிற்க வேணும்.

இதற்கு மறுமொழியை ஃபோனில் சொல்லாதே. கையால் எழுது, இரண்டு வரியானாலும் போதும். மருமகனுக்கும் பேரனுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
அம்மா