டீ கிளாஸோடு நின்ற அண்ணனுக்கு

எங்கள் பழைய பில்லிங் தளம் மாட் பெர்லில் ஓடுவது; அதாவது, அப்பாச்சி வெப் சர்வருக்குள்ளேயே பெர்ல் நிரல்களை ஓட்டும் மாட்யூல். ஒருவர் பில்லில் வேறொருவர் பெயர் வந்துகொண்டிருந்தது. அதுவும் சில சமயம்தான்; ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும். இப்படி வந்து வந்து மறைகிற கோளாறைப் போல எரிச்சல் வேறில்லை.

அண்ணா, நான் உங்களைக் கூப்பிடவே இல்லை. அந்தப் பக்கம் போன நீங்களாக என் திரையைப் பார்த்து நின்றீர்கள். "அப்பாச்சியை மைனஸ் எக்ஸ் (-X) போட்டு ஒரே புராசஸில் ஓட்டிப் பாருங்க தம்பி" என்றீர்கள். ஓட்டினால் எல்லா பில்லிலும் முதலில் வந்தவர் பெயரே!

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினீர்கள். மாட் பெர்லின் ரெஜிஸ்ட்ரி மாட்யூல் ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, ஒவ்வொரு புராசஸிலும் ஒருமுறை மட்டுமே கம்பைல் செய்கிறது. அதனால் உள்ளே பெயரோடு எழுதிய சப்ரூட்டீன் (துணை நிரல்), மேலே 'மை' (my) போட்டு அறிவித்த மாறியின் முதல் மதிப்பையே பிடித்துக்கொள்கிறது. லாகில் 'வில் நாட் ஸ்டே ஷேர்டு' (மாறி தொடர்ந்து பகிரப்படாது) என்ற எச்சரிக்கையையும் தேடிக் காட்டினீர்கள். மாறியை அந்த சப்ரூட்டீனுக்கு ஆர்க்யுமென்டாக அனுப்பியதும் தீர்ந்தது.

பெயர் கேட்பதற்குள் ஷிஃப்ட் முடிந்து கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணா. இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்று ஆறிப்போன டீக்குப் பதில் டீ என் கணக்கு.