ராயபுரத்துப் பெரியவருக்கு நன்றி

ராயபுரம் ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில், செய்தித்தாளின் ஓரத்தில் நான் வரைந்துகொண்டிருந்ததைக் கண்டு, மெரினாவின் உழைப்பாளர் சிலையை நிதானமாகப் பார்த்து வரச் சொன்ன பெயர் தெரியாத பெரியவருக்கு இந்நன்றி உரியது. 1959இல் நிறுவப்பட்ட அச்சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்பதையும், 1850இல் தொடங்கப்பட்டு இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்திற்கு அவர் முதல்வராக இருந்தார் என்பதையும், பாறையை நெம்பும் உருவங்களுக்கு அங்கிருந்த காவலாளி ஒருவரும் மாதிரியாக நின்றதாகச் சொல்லப்படுவதையும் அப்பெரியவர்தாம் எடுத்துரைத்தார்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தந்தையின் முதுகு ஒரு சிற்பி பயிலத் தக்கது என்று அதற்கு முன் எவரும் எனக்குச் சொன்னதில்லை. வியந்து போற்றும் கலைஞரைப் போலவே நாம் ஆகிவிடுவதில்லை (வங்காளத்தில் பிறந்த அவருக்கும் காசிமேட்டில் வளர்ந்த எனக்கும் என்ன பொருத்தம்?), ஆனால் அவர் எவற்றை உற்று நோக்கினாரோ அவற்றை நாமும் நோக்கத் தொடங்குகிறோம், நான் யாருடைய மகன் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லும் துணிவு எனக்கு அவ்வழியே வந்தது.

இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னுவோரையும் ஐஸ் உடைப்போரையும் வரைந்து வருகிறேன். ஐயா, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால், அவற்றுள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.